ஆடி பிறப்பதற்குள் ஒரு நாடு

எங்கள் கம்பெனி ஒரு நாட்டையே கம்ப்யூட்டருக்குள் குடிவைத்தது. வேலுமணி அண்ணன் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். கோயில் அன்னதான வரிசையிலோ, யார் வீட்டுப் பிள்ளையின் அரங்கேற்றத்திலோ, யார் கிடைத்தாலும் சொல்வார். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் மெல்ல நகர்ந்துவிடுவேன். பத்து வருஷம் அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தவள் நான்.

என் பெயர் தாமரைச்செல்வி. சொந்த ஊர் கோபி, இருப்பது அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன், ஆபீஸ் பார்சிப்பனி. வேலுமணி அண்ணன்தான் கம்பெனி முதலாளி. ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும், அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நான் கையெழுத்துப் போடாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. விதி அப்படித்தான் சொல்கிறது.

நாட்டின் பெயர் தலோரா. பசிபிக் கடலில் ஒன்பது தீவுகள், மொத்தம் முப்பத்தெட்டாயிரம் பேர். பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசி தேறாது. நாங்கள் வேலையை எடுத்தபோது அவர்கள் அரசாங்க வெப்சைட்டில் இருந்தது ஒரு அமைச்சர் படமும், டவுன்லோட் பண்ணி அச்செடுத்து நிரப்ப வேண்டிய ஒரு விண்ணப்பமும் மட்டும். முதல் வருஷம் அந்த விண்ணப்பத்தைப் போனிலேயே நிரப்புகிற மாதிரி செய்தோம். ஜனங்கள் நிரப்பினார்கள். பிறகு அதை அச்செடுத்துக் கவுண்டருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த குமாஸ்தா மறுபடியும் முதலில் இருந்து டைப் அடித்தார். சிரிக்காதீர்கள், எல்லா நாடும் இந்த வழியாகத்தான் போகிறது.

அடுத்து வரி கட்டுவது வந்தது, ஓட்டுநர் உரிமம் வந்தது, நிலப் பதிவு வந்தது. கொரோனாவில் படகுகள் நின்றுபோன வருஷம்தான் ஜனங்கள் அதை நிஜமாகவே நம்ப ஆரம்பித்தார்கள். ஒரு மீனவர் நடுக்கடலில் இருந்தே மகளின் பிறப்புச் சான்றிதழை வாங்கினார். அந்தப் போட்டோவை லோசா எனக்கு அனுப்பிவைத்தாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

லோசா தலைநகரில் பதிவு அலுவலகத் தலைவி. பத்து வருஷமாக வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுகிறோம். என் பையனின் பல் விழுந்தது அவளுக்குத் தெரியும், அவள் மாமியார் சண்டை எனக்குத் தெரியும். அவள் பிறந்தது கடைசித் தீவான ஓசேயில்.

போன வருஷம் தலோராவில் ஒரு சட்டம் போட்டார்கள். குடிமகன் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். புது சிஸ்டம் தொடங்குகிற அன்றே எல்லாக் கவுண்டரையும் மூடிவிடுவார்கள். அதன் பிறகு பென்ஷனோ, ஆஸ்பத்திரிக் கடிதமோ, தீவுகளுக்கு இடையே போகிற குட்டி விமானத்தில் ஒரு சீட்டோ, எது வேண்டுமானாலும் அந்த எண் இருக்க வேண்டும். தொடங்குகிற தேதி ஆகஸ்ட் நாலு.

எட்டுத் தீவுகளின் பழைய பதிவேடுகளை ஏற்றி முடித்துவிட்டோம். பாக்கி ஓசே. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், கையால் எழுதிய எட்டுத் தடிப் புத்தகங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு படகு. புத்தகங்கள் ஜூலை இருபத்து நாலாம் தேதி தலைநகருக்கு வந்துவிடும், ஒரு வாரத்தில் டைப் அடித்துவிடலாம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

ஜூன் கடைசியில் வேலுமணி அண்ணன் ரூமுக்குக் கூப்பிட்டார். போனில் பஞ்சாங்கம் திறந்திருந்தது.

"அம்மிணி, ஆகஸ்ட் நாலு ஆடியில வருதுங்க."

"ஆமாங்ணா."

"ஆடியில எவனாச்சும் குடிபோவானா? ஜூலை பதினாலு பாத்திருக்கேன். ஆனி கடைசித் திங்கள். காலைல ஒம்பதேகால்ல இருந்து பத்தேகால், நல்ல நேரம். மினிஸ்டர்கிட்டப் பேசிட்டேன். மூணு வாரம் முன்னாடியே டெலிவர் பண்றோம்னதும் அந்தாளுக்குத் தலகால் புரியல."

"ஓசே புக்கே இன்னும் வரலீங்ணா. அறுநூத்திப் பன்னெண்டு பேரு."

"அத ஃபேஸ் டூல, அடுத்த கட்டத்துல போட்ருங்க."

"கவுண்டரெல்லாம் அன்னிக்கே க்ளோஸ் பண்ணீருவாங்க. அந்த சனம் எங்க போகும்?"

"ரெண்டு மூணு வாரந்தானுங்க. அதுக்குள்ள என்ன ஆயிரப்போவுது?"

ஏன்தான் வாய் சும்மா இருக்கவில்லையோ. "ஆடிப்பட்டம் தேடி விதைன்னுதானுங்ணா சொல்லுவாங்க" என்றேன்.

"அது வெள்ளாமைக்குங்க. இது குடிபோறதாட்ட."

"நமக்குத் திங்கக்கெழம காலைலன்னா அங்க செவ்வாய்க்கெழம ஆயிருக்குமுங்ணா. செவ்வாயோ வெறுவாயோன்னு நீங்களே சொல்லுவீங்க."

அதற்கு மட்டும் ஒரு நிமிஷம் யோசித்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு யோசிக்காத மனுஷன், செவ்வாய்க்கிழமைக்கு யோசித்தார். பிறகு, "கம்பெனி இங்கதான இருக்குது. நம்ம நேரந்தான் கணக்கு" என்றார்.

நான் எழுந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்க க்ரீன் கார்டு இன்டர்வியூவுக்கு எம்ப்ளாயர் லெட்டர் கேட்டிருந்தீங்கல்ல? லாயருக்குச் சொல்லியிருக்கேனுங்க. கவலப்படாதீங்க."

மிரட்டல் என்று யாரும் சொல்ல முடியாது. குரலில் அவ்வளவு பாசம். பன்னிரண்டு வருஷமாக அந்த வரிசையில் நிற்கிறேன். வீட்டில் என் கணவர் சபரியிடம் சொன்னேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க தாமரை. லாஸ்ட் ஸ்டெப்ல நிக்கறோம்" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அதை நினைத்தால்தான் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

தேதி மாறியதை லோசாவிடம் சொன்னேன்.

"என் தங்கை அனா ஓசேயில் இருக்கிறாள்" என்றாள். "எட்டாம் மாதம் தொடங்கப்போகிறது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஜூலைக் கடைசிக்குள் விமானத்தில் தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படகில் இரண்டு நாள், அவளால் முடியாது. அவளுக்கு எண் இல்லாவிட்டால் கடிதம் வராது. கடிதம் இல்லாவிட்டால் சீட்டு கிடையாது."

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

நான் எழுதி வைத்திருந்த அறிக்கையில் ஓசே தீவு, 'இது முடியாமல் தொடங்கக் கூடாது' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அந்த ஒரு வரியை வெட்டி, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டினேன். கையெழுத்துப் போட்டேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் அவ்வளவுதான்.

ஜூலை பதினாலு. ஆபீஸ் லாபியில் மாக்கோலம், கேசரி, வடை. சர்வர் எங்கோ க்ளவுடில் இருக்கிறது, சந்தனம் வைக்க ஒரு பெட்டிகூடக் கிடையாது. அதனால் ப்ரோக்ராம் எழுதுகிற எழிலரசியின் லேப்டாப்புக்கு வைத்தார்கள். ஃபயர் அலாரம் அடிக்கும் என்று சூடத்துக்குப் பதில் பேட்டரி விளக்கு. பார்க்கிங் லாட்டில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, பில்டிங் மேனேஜர் வருவதற்குள் பேப்பர் டவலால் துடைத்தார்கள். ஒன்பதே கால் ஆனதும் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினார். ஒரு நாடு திறந்துகொண்டது. அங்கே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் இரண்டு கரண்டி கேசரி தின்றேன்.

இருபத்தோராம் தேதி லோசாவிடமிருந்து புகார் வந்தது. தோழியாக என்னிடம் பேசாமல், சிஸ்டத்தில் முறைப்படிப் பதிந்திருந்தாள். அனாவுக்குத் தலைவலி, கண் மங்குகிறது. தீவு நர்ஸ் கடிதம் எடுக்கப் போனால், 'இப்படி ஒரு குடிமகன் இல்லை' என்று திரையில் வருகிறது. நர்ஸ் பேப்பரில் எழுதிக் கொடுத்தாள். விமான ஆபீஸ்காரன், பேப்பர் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டான். சட்டம் அப்படி. அவனையும் திட்ட முடியாது.

அண்ணன் ரூமுக்கு ஓடினேன்.

"ஒரே ஒரு என்ட்ரிங்ணா. நானே உள்ள போயி, பேக் எண்டுல போட்டுடறேன். அஞ்சு நிமிஷம் ஆகாது."

"ப்ரொடக்ஷன்ல, ஓடிட்டிருக்கற சிஸ்டத்துல கைய வெக்கப் போறீங்களா?" முகம் சுளித்தார். "ரெண்டு வாரம் ஃப்ரீஸ், எதையும் தொட மாட்டோம்னு மினிஸ்ட்ரிக்கு எழுதிக் குடுத்திருக்கோம் அம்மிணி. பால் காச்சுன வீட்ல மறுநாளே யாராச்சும் ஆணி அடிப்பாங்களா? ஒருத்திக்குப் போட்டா அறுநூறு பேரும் வருவாங்க. இருபத்தெட்டாந் தேதி ஃப்ரீஸ் முடியுதுங்க. அன்னிக்கு மொதல் வேலையா போட்டுடுங்க."

"உசுரு சமாச்சாரங்ணா."

"இந்தக் காலத்துல டெலிவரிக்கெல்லாம் யாருங்க சாகறாங்க?"

பாஸ்வேர்டு என்னிடமே இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்ன மற்றதெல்லாம் பொய். என் மேஜை, என் கம்ப்யூட்டர், என் பாஸ்வேர்டு. யாரையும் கேட்காமல் செய்திருக்கலாம். வேலை போயிருக்கலாம், க்ரீன் கார்டுக் கடிதம் வராமல் போயிருக்கலாம், பையனை இழுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். இதெல்லாம் நடந்திருக்குமா என்றுகூடத் தெரியாது. நான் லோசாவின் புகாருக்குப் பதில் எழுதினேன்: 'பெறப்பட்டது. ஜூலை 28 அன்று எடுத்துக்கொள்ளப்படும்.'

இருபத்து மூன்றாம் தேதி, ஆடி ஏழு, அனாவுக்கு வலிப்பு வந்தது. நர்ஸ் குழந்தையை எடுத்துவிட்டாள், பெண் குழந்தை. தாயைக் காப்பாற்ற முடியவில்லை. வயது இருபத்தாறு.

குழந்தை ஒன்றரைக் கிலோ. உடனே விமானத்தில் தலைநகருக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் எண் வேண்டும். குழந்தைக்கு எண் போட வேண்டுமென்றால் தாயின் எண் வேண்டும், தாய் சிஸ்டத்தில் இல்லை. செத்தவளுக்கு இறப்புச் சான்றிதழும் போட முடியவில்லை, பிறக்காதவள் எப்படிச் சாவாள்? இந்த விதிகள் ஒவ்வொன்றையும் நான்தான் டெஸ்ட் பண்ணிச் சரி என்று டிக் அடித்தேன். எல்லாம் துளி பிசகாமல் வேலை செய்தன.

தலோராவின் ரேடியோவில் செய்தி வந்துவிட்டது. அமைச்சர் பார்சிப்பனிக்குப் போன் பண்ணினார். பத்தே நிமிஷத்தில் அண்ணன் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"அம்மிணி, அந்தப் பொண்ண உடனே சிஸ்டத்துல ஏத்துங்க."

"ஃப்ரீஸ் இருக்குதேங்ணா."

"அதெல்லாம் பாத்தா முடியுமுங்களா? மினிஸ்டரே லைன்ல இருக்காரு."

ஏற்றினேன். பெயர், பிறந்த தேதி, தீவு, தாய் பெயர், தகப்பன் பெயர், லோசாவின் புகாரில் இருந்த போன் நம்பர். நிலை என்ற கட்டத்தில் புதிதாகச் சேர்க்கிற எல்லோருக்கும் 'உயிருடன்' என்றுதான் விழும், வேறு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. சேமித்தேன். எண் வந்தது. அந்த எண்ணை வைத்துக் குழந்தையைச் சேர்த்தேன். குழந்தைக்கும் எண் வந்தது, விமானச் சீட்டுக்கு வழி பிறந்தது. பிறகு தாயின் பக்கத்தைத் திறந்து, இறந்த தேதியைப் போட்டேன். மொத்தம் நாலு நிமிஷம். புகார் வந்த திங்கட்கிழமையும் அதே நாலு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

சிறிது நேரத்தில் லோசாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கூட ஒரு வார்த்தைகூட இல்லை. அது ஓசேயிலிருந்து நர்ஸ் அவளுக்கு எடுத்து அனுப்பிய படம், அனாவின் போன். அதில் எங்கள் சிஸ்டம் தானாக அனுப்பிய செய்தி: 'வாழ்த்துகள், அனா! உங்கள் எண் தயார். இனி எந்தக் கவுண்டரிலும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.'

நான் எழுந்து பாத்ரூமுக்குப் போனேன். முகம் கழுவிவிட்டு வந்தபோது அண்ணன் இன்னும் என் மேஜையருகே நின்றிருந்தார். என் திரையில் இருந்த படத்தை அவரும் பார்த்திருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பு இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"பாத்தீங்களா அம்மிணி" என்றார் மெதுவாக. "ஆடின்னா ஆடிதானுங்க. நல்லவேளை, நாம முன்னாடியே முடிச்சுட்டோம்."

அவர் கையில் லாயர் ஆபீஸ் கவர் ஒன்று இருந்தது, என் எம்ப்ளாயர் லெட்டர். அதை என்னிடம் நீட்டினார்.

"ஆமாங்ணா" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.