ஷோகா மேட்டின் கடைசி வளைவு

சியென் யுங்-மாவுக்குக் கால் குட்டை, வாய் நீளம். அறுபதைத் தாண்டியும் அந்த வாய் அடங்கவில்லை. நான்ஃபாங்ஆவ் மீன்பிடித் துறைமுகத்தில் கயிறும் தூண்டில் முள்ளும் விற்கும் கடை அவருடையது. கடைக்கு வருகிறவன் கயிறு வாங்குகிறானோ இல்லையோ, அவருடைய பெருமைப் பேச்சைக் கேட்காமல் வெளியே போக முடியாது. அப்பேர்ப்பட்ட மனிதர், மனைவி சியூ-லுவானுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று வாயடைத்துப்போனார். ஆபரேஷனுக்கு முதல் நாள் துறைமுகத்து மாட்ஸு அம்மன் முன்னால் மண்டியிட்டு, பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் முறைப்படி சொல்லி வேண்டிக்கொண்டார்.

"தாயே, இவளை எனக்குத் திருப்பிக் குடுத்துடு. தைவானை முழுசா சைக்கிள்ல சுத்தி வந்து உன் கால்ல விழறேன். ஹுவாலியனுக்கு வடக்க இருக்கற அந்தப் பாறை ரோட்டை மட்டும் விட்டுடு, அங்க லாரிக்காரனுங்க ஆளை நசுக்கிடுவானுங்க. அந்தத் துண்டுக்கு ரயில். மத்தபடி மோட்டார் வண்டியில காலே வைக்க மாட்டேன்."

அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். சியூ-லுவான் பிழைத்தாள், தேறினாள், உடம்பும் போட்டாள். நேர்த்திக்கடனைத் தீர்க்க அவர் கிளம்பியபோது அவளும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எதுக்குடி?"

"வயிறு என்னோடது. நீ மட்டும் போய் நல்ல பேரு வாங்கிக்கலாம்னு பாக்கறியா, கிழட்டுக் குரங்கே?"

இருவரும் தீவைச் சுற்றும் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்தார்கள். வழி காட்டிக்கொண்டு முன்னால் போகிறவள் பான் யூ-ரோ; எல்லோருக்கும் அவள் கோச். பெட்டி படுக்கை, தண்ணீர், வாழைப்பழக் குலைகளோடு கடைசியில் ஊர்ந்து வரும் வேனுக்கு ஜுவோ டிரைவர். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெளிர்நீலச் சட்டை. லூகாங்கின் குறுகலான செங்கல் சந்துகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். தைனானில் விடிந்ததும் விடியாததுமாக மாட்டிறைச்சி சூப் குடித்தார்கள். போகிற வழியெல்லாம் யுங்-மாவ் தன் வேண்டுதலைச் சொல்லிக்கொண்டே வந்தார். குழுவில் அதைக் கேட்காதவை வாழைப்பழங்கள் மட்டும்தான்.

"அம்மனே மறந்திருந்தாலும் நீங்க மறக்கவிட மாட்டீங்க போலிருக்கே, அண்ணே!" என்றார் வெங். அவர் கீலுங்கில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரையும் கலாய்ப்பதே இப்போது அவருக்கு முழு நேர வேலை.

"மறக்கறதா? ஒவ்வொரு மிதிக்கும் கணக்கு இருக்கு தம்பி. மேடு வரட்டும், அப்ப பாரு என்னை!"

மேடு வந்தது. தெற்கே வெந்நீர் ஊற்று ஊரில் தங்கிவிட்டுக் காலையில் ஷோகா மலைப்பாதையில் ஏறத் தொடங்கினார்கள். தீவைச் சுற்றுகிறவர்களுக்கு அந்த மேடுதான் பரீட்சை. உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவன் சுற்றியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. சியூ-லுவான் ஒரே சீராக மிதித்து முன்னால் போய்விட்டாள். யுங்-மாவ் மூன்றாவது ஏற்றத்திலேயே பின்தங்கினார். நான்காவதில் அவருடைய வலது கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு கல்லாகிவிட்டது. சாலையோரப் புல்லில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். முன்னால் போனவர்கள் வளைவுக்கு வளைவு மறைந்துபோனார்கள். வேன் மெல்ல வந்து நின்றது.

"ஏறுங்கண்ணே," என்றான் ஜுவோ.

"வேண்டுதல்டா."

"தெரியும், தெரியும். கால் செத்துப்போச்சுன்னா வேண்டுதலை யாரு தீக்கறது? உச்சிக்கு ஒரு வளைவு முன்னாடி எறக்கி விட்டுடறேன். அந்த எடத்துக்கு எங்க டிரைவருங்க வச்சிருக்கற பேரே போட்டோ வளைவுதான். எத்தனையோ முதலாளிங்க அங்க எறங்கி மிதிச்சுட்டுப் போய்க் கைதட்டல் வாங்கியிருக்காங்க. என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது."

அவர் மறுபடி மறுத்திருக்கலாம். அங்கேயே உட்கார்ந்து, கால் விட்டதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது நடந்திருக்கலாம். தள்ளக்கூடாது என்று அம்மனிடம் யார் சொன்னது? ஆனால் மேலே எல்லோரும் காத்திருப்பார்கள், வெங் வாய்க்கு வந்ததைச் சொல்வான் என்று நினைத்ததும் அவருக்குக் காது சூடாகிவிட்டது. அம்மனைவிட வெங்கின் நாக்குக்கு அதிகம் பயந்த அந்த மனிதர் வேனில் ஏறினார்.

தண்ணீர்ப் பெட்டிகளுக்கு நடுவே காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கூரைமேல் மழை சடசடவென்று கொட்டியது. பாவம் ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டார். மழை ஓய்ந்த பிறகு வேன் நின்றது. ஜுவோ சைக்கிளை இறக்கிக் கொடுத்தான். வியர்வைக்காக நெற்றியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்குவதுபோல் இரண்டு தடவை பழகிப் பார்த்துவிட்டு, யுங்-மாவ் கடைசி வளைவில் மிதித்து ஏறினார்.

உச்சியில் எல்லோரும் நின்றிருந்தார்கள்; அவருக்கோ மூச்சிரைப்பை நடிப்பதிலேயே கவனம். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. வெங்கூட வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார். சியூ-லுவான் ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவள் கை அவர் முதுகில் மேலிருந்து கீழாக ஒரு தடவை போய் நின்றது. பிறகு அவள்தான் முதலில் குரல் கொடுத்தாள்.

"என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறீங்க? என் வீட்டுக்காரரு மேடு ஏறி வந்திருக்காரு, கை தட்டுங்க!"

தட்டினார்கள். பலமாகவே தட்டினார்கள். கோச் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தாள். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. மலையின் மறுபக்கம் இறங்கிக் கடலைப் பார்த்ததுமே அவருக்கு உள்ளே குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டது. மாட்ஸு கடலுக்குத் தாய். இனி ஊர்போய்ச் சேரும்வரை வலது கைப்பக்கம் கடல்தான். தைதோங்கில் சியூ-லுவான் சாப்பாட்டு மேஜையில் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"சீதாப்பழம் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு," என்று சொல்லிவிட்டு அவரையே பார்த்தாள். அவர் சாதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மறுநாளும் அந்தக் கை அங்கேயே போயிற்று. அதற்கு மறுநாளும். தூங்கும்போதுகூட அங்கேயே இருந்தது. அம்மன் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறாள் என்று யுங்-மாவ் நிச்சயமாக நம்பினார். தன் காலை எடுத்துக்கொள்ளட்டும், கடையை எடுத்துக்கொள்ளட்டும், இவளை ஏன் தொடவேண்டும்? தன்மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது. ஹுவாலியனில் சைக்கிள்களை ரயிலில் ஏற்றும்போது, அவள் காதருகே போய்ச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"என்ன?" என்று அவள் உடனே திரும்பினாள். கையில் இருந்த தண்ணீர்ப் புட்டியைக் கீழே வைத்துவிட்டே திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல. செயின்ல எண்ணெய் போடணும்."

அவள் புட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்ஃபாங்ஆவில் ஊரே தெருவுக்கு வந்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் சரவெடி வைத்தார்கள். ஐஸ் தொழிற்சாலைக்காரன் "மலையை ஜெயிச்ச மாவ்!" என்று அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்திருந்தான். குழு மொத்தமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோவிலுக்குப் போனது. பழமும் பன்னும் படைத்திருந்த மேஜைமேல் கோச் ஒரு பெரிய படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எங்க எல்லாரோட பரிசு, அண்ணா. அம்மன்கிட்ட காட்டிட்டுக் கடையில மாட்டிக்கங்க."

யுங்-மாவ் ஊதுபத்தியைச் செருகிவிட்டு மண்டியிட்டார். பெயர் சொன்னார், விலாசம் சொன்னார், சுற்றி வந்ததாகச் சொன்னார். வாக்குக் கேட்கும் பிறைக்கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்தார். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள். இரண்டும் வளைவாக விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டையாக விழுந்தால் அவள் சிரிக்கிறாள். போடுவதற்கு முன் தலையைத் தூக்கியபோதுதான் அந்தப் படத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

ஷோகா உச்சி. தரையெல்லாம் ஈரம். வெங், சியூ-லுவான், எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். தலைமுடி நெற்றியில் அப்பிக் கிடந்தது, வெளிர்நீலச் சட்டைகள் கருநீலமாக உடம்போடு ஒட்டியிருந்தன. நடுவில் ஒரே ஒரு வெளிர்நீலச் சட்டை. இஸ்திரி போட்டதுபோல, ஒரு பொட்டு ஈரமில்லாமல். அதற்குள் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு இளித்துக்கொண்டிருந்த கிழவன் அவர்தான்.

எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. அந்த ஒரு நிமிட மௌனம், வெங் மூடிக்கொண்ட வாய், முதுகைத் தடவிய கை. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அத்தனை பேரும் தெரிந்தேதான் கை தட்டினார்கள். வழியெல்லாம் அவர் "மேட்டுல நான் ஏறினப்போ" என்று ஆரம்பித்தபோதெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்ததும் தெரிந்தேதான். பொய் பிடிபட்டால் திட்டு வாங்கிக்கொண்டு போகலாம். பிடிபட்ட பொய்யை ஊரே சேர்ந்து பொத்திப் பாதுகாத்தால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அவமானத்தில் அவருக்குக் கண் இருட்டியது.

"போடுங்க மாவ் அண்ணே!" என்றான் ஐஸ்காரன்.

"தாயே," என்றார். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். "தாயே, ஷோகா மேட்டை நான் ஏறல. வேன்ல படுத்துக்கிட்டு வந்தேன்."

ஊர்க்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. குழுக்காரர்களில் ஒருவர்கூட அதிர்ச்சி அடையவில்லை. வெங் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோச் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

யுங்-மாவ் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமில்ல?"

"எனக்கு உள்சட்டை வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. உன் முதுகு காஞ்சு கெடந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே, சியூ-லுவான்."

"அத்தனை பேரு முன்னாடியா? நீ தாங்குவியா? தனியா இருக்கறப்போ நீயே சொல்லுவேன்னு இருந்தேன். தைதோங்ல சொல்லுவேன்னு பாத்தேன். ஹுவாலியன்ல வாயைத் தொறந்தே, அப்பாடான்னு நெனைச்சேன். செயின்ல எண்ணெய்னு சொன்னே."

"நான் உன் வயித்து வலியைப் பாத்து..."

"வலி இல்ல. சீதாப்பழமும் இல்ல." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "கட்டி திரும்ப வந்துடுச்சான்னு தடவித் தடவிப் பாத்துக்கிட்டே வந்தேன். ராத்திரியெல்லாம் அதே வேலை. நீ வேண்டிக்கிட்டது என் உசுருக்குய்யா. உன் மானத்தைக் காப்பாத்தறேன்னு கை தட்டச் சொன்னேனே, அந்த நிமிஷத்துலேருந்து எனக்குப் பயம்."

மண்டியிட்ட இடத்திலேயே கூனிக்குறுகிப் போனார். தன் பாவத்துக்கு அம்மன் இவளைத் தண்டிக்கிறாள் என்று எண்ணிப் பயந்துகொண்டிருந்தாரே, அம்மன் ஒன்றுமே செய்யவில்லை. அவளை வாட்டியது அவர்தான்.

சியூ-லுவான் அவர் கையிலிருந்து கட்டைகளை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் மண்டியிட்டு, தன் பெயரும் விலாசமும் சொன்னாள். "இந்த மனுஷன் மறுபடி போய் அந்த மேட்டைச் சைக்கிள்ல ஏறிட்டு வந்தா ஏத்துக்குவியா, தாயே?"

போட்டாள். இரண்டும் தட்டையாக விழுந்தன. அம்மன் சிரிக்கிறாள் என்று யாரோ சொல்ல, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டமும் சேர்ந்து சிரித்தது. சியூ-லுவான் சிரிக்கவில்லை. பொறுக்கி எடுத்து மறுபடி போட்டாள். ஒன்று தட்டை, ஒன்று வளைவு.

"ஏத்துக்கறா!" என்று ஐஸ்காரன் கத்தினான். அட்டையை மட்டும் அவன் எப்போதோ கீழே போட்டிருந்தான்.

யுங்-மாவ் எழுந்து படத்தை எடுத்து, முகம் உள்பக்கம் இருக்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நாளைக்கே தெக்க போற ரயில்ல போறேன். தனியா ஏறிட்டு வந்துடறேன்."

"தனியாவா? உன் பேச்சை நம்பி இன்னொரு தடவை வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கணுமா நான்? பின்னாடியே வரேன். நீ நனையறதை என் கண்ணால பாக்கணும்." கையை நீட்டினாள். "படத்தை வச்சுட்டு வா. ஏறி முடிக்கிற வரைக்கும் அது அம்மன்கிட்டயே இருக்கட்டும்."

அவர் படத்தைத் திருப்பி, எல்லோரும் பார்க்கும்படி மேஜைமேல் வைத்தார். கும்பல் வழிவிட்டது. யாரும் கை தட்டவில்லை. அதற்காக அவர் உள்ளூர நன்றி சொல்லிக்கொண்டார். படியிறங்கும்போது சியூ-லுவான் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை அப்போதும் வயிற்றின் மேல்தான் இருந்தது.