பொருள் எண் முப்பத்தொன்று

நகர்மன்றக் கூட்டம் இருக்கிற நாட்களில் அவர் காலையில் உப்புப் போட்ட வெந்நீரால் மூன்று முறை தொண்டையைக் கொப்பளிப்பார். மன்ற அலுவலகத்தில் தலைமை எழுத்தர் அவர். கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயங்களின் ‘பொருள் பட்டியலை’ வாசிப்பது அவர் வேலை. அதை அவர் வாசிக்கிற வேகத்தைப் பார்த்து உறுப்பினர்கள் அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

“எக்ஸ்பிரஸ், இன்னைக்கு எத்தனை பெட்டி?” என்று கேட்டார் மருந்துக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்.

“நாப்பத்தாறு சார்.”

“நடுவுல எந்த ஸ்டேஷன்லயும் நிறுத்திடாதீங்க. பன்னண்டு மணிக்கு ஒரு கல்யாணத்துல தலையைக் காட்டணும்.”

“பதினொண்ணரைக்கே இறக்கி விட்டுடறேன் சார்.”

ஒரு நகரத்தில் எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தக் கட்டடத்துக்கு அனுமதி, எந்த வேலை யாருக்கு ஒப்பந்தம் என்பதெல்லாம் இந்தக் கூட்டத்தில்தான் முடிவாகிறது. முறை எளிமையானது. எழுத்தர் ஒரு பொருளை வாசிப்பார். தலைவர், “மன்றம் ஏற்கிறதா?” என்பார். உறுப்பினர்கள் கை தூக்குவார்கள். வாசித்தது தீர்மானமாகிவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் கையைத் தூக்கி இறக்குவது அலுப்பான வேலை என்பதால், மருந்துக் கடைக்காரர் முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்தியபடியே வைத்துவிட்டு, மறு கையால் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பட்டியலின் முழு வாசகம் நீளமானது. ஒரு பொருளே ஒரு பக்கம் வரும். அதை அப்படியே வாசித்தால் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் எழுத்தர் பல வருடங்களுக்கு முன்பே தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முதல் நாளே உட்கார்ந்து ஒவ்வொரு பொருளையும் இரண்டு வரியாகச் சுருக்கி ஒரு ‘வாசிப்புப் பிரதி’ தயாரித்துவிடுவார். கூட்டத்தில் அதைத்தான் வாசிப்பார். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்திலும் அதையே எழுதிவிடுவார். என்ன வாசிக்கப்பட்டதோ அதுதானே தீர்மானம்? யாரும் குறை சொன்னதில்லை. எல்லோரும் பாராட்டினார்கள்.

அன்றைய முப்பத்தொன்றாவது பொருள் ஒரு சாலையைப் பற்றியது. வாசிப்புப் பிரதி தயாரிக்கும்போதே தெருவின் பெயர் அவர் கண்ணில் பட்டது. அவருடைய அக்கா வீடு இருக்கிற தெரு. ‘பரவாயில்லையே, அக்கா தெருவுக்குப் புது ரோடு வருது’ என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

அந்தப் பொருள் என்னவென்று புரிந்துகொள்ள, தார்ச்சாலை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். பழைய சாலை தேய்ந்து குழி விழுந்ததும், அதன் மேலேயே புதிய அடுக்கைப் போட்டுவிடலாம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சாலை நாலைந்து விரல் அளவு உயரும். வீடுகள் உயராது. இருபது வருடத்தில் சாலை வீட்டு வாசலுக்கு மேலே போய்விடும். அதனால்தான் முதலில் பழைய அடுக்கை ஓர் இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த உயரத்துக்கே புதியதைப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். சுரண்டுவதற்கு நாளும் செலவும் அதிகம்.

அந்தச் சுரண்டும் வேலையை விட்டுவிட்டால், மிச்சமாகும் தொகையில் பக்கத்து இரண்டு தெருக்களுக்கும் சாலை போட்டுவிடலாம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இதில் யாரும் லஞ்சம் வாங்கவில்லை. அவர்கள் கேட்டதும் கெட்ட எண்ணத்தில் இல்லை. பொறியாளரும் சம்மதித்து எழுதினார். ஆனால் அனுபவமுள்ளவர் என்பதால் நடுவில் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்: ‘தெருவிலுள்ள வீடுகளின் தரைமட்டத்தை அளந்து பார்த்து, சாலையைவிடத் தாழ்ந்துவிடும் வீடு எதுவும் இல்லையெனில்.’

இரண்டு வரிக்குள் அடக்கும்போது எழுத்தர் வெட்டியது அந்த வாக்கியத்தைத்தான்.

“பொருள் எண் முப்பத்தொன்று, சாலைப் பணியில் இனம் நான்கை நீக்கி அதே தொகைக்குள் மேலும் இரு தெருக்களைச் சேர்க்க மன்றத்தின் அனுமதிக்கு” என்று ஒரே மூச்சில் வாசித்தார். இனம் நான்கு என்றால் அந்தச் சுரண்டும் வேலைதான்; அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. கைகள் ஏற்கெனவே தூக்கியபடிதான் இருந்தன. பதினொன்றரைக்குக் கூட்டம் முடிந்தது. மருந்துக் கடைக்காரர் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு மாதத்தில் சாலை போட்டார்கள்; தீர்மானத்தில் நிபந்தனை இல்லாததால் வீடுகளை யாரும் அளக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எழுத்தர் அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

“வாடா, வா. பாத்து இறங்கி வா. முன்னெல்லாம் எங்க வீட்டுக்கு ஏறி வரணும். இப்ப இறங்கி வரணும். நல்லா முன்னேறிட்டோம்.”

வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படிகள் ஏற வேண்டும். இத்தனை வருடத்தில் சாலை இரண்டு படிகளையும் மூன்றாவதில் பாதியையும் விழுங்கியிருந்தது. இந்தத் தடவை மிச்சப் பாதியும் போய், வாசல் சாலையைவிட ஓர் அங்குலம் கீழே இருந்தது. பக்கத்தில் இருந்த மழைநீர்க் கால்வாயின் வாயைத் தார் பாதி மூடியிருந்தது.

முன்னறையில் கட்டிலில் மாமா உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்த மனிதர். பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. உட்காரும்போது கால் தரையில் பதிய வேண்டும் என்பதற்காக, அக்கா தச்சரை வரவழைத்துக் கட்டிலின் கால்களை ஒரு சாண் அறுக்க வைத்திருந்தாள். பேச்சும் குழறும். ஒரு வாக்கியம் முடிய ஒரு நிமிடம் ஆகும்.

“மாப்ள...” என்றார் மாமா, இடது கையால் வாசலைக் காட்டி. “தண்ணி... எங்க... போகும்?”

எழுத்தர் எட்டிப் பார்த்தார். “அதெல்லாம் இன்ஜினியர் பாத்துத்தான் போட்டிருப்பாங்க மாமா. நீங்க ஏன் கவலைப்படறீங்க?”

மாமா தலையை ஆட்டினார். மறுபடியும், “தண்ணி... எங்க...” என்று ஆரம்பித்தார்.

“சும்மா இருங்களேன். வந்ததும் வராததுமா குழாய்க் கதையை ஆரம்பிச்சாச்சு” என்று அக்கா செல்லமாக அதட்டிவிட்டுத் தேநீர் வைக்கப் போனாள்.

தண்ணீருக்குத் தெரிந்தது ஒன்றுதான். தன்னைவிடத் தாழ்ந்த இடம் எதுவோ அங்கே போகும். சாலையின் நடுப்பகுதியைச் சற்று மேடாக அமைப்பதே, மழைநீர் இருபுறமும் வழிந்து கால்வாயில் விழ வேண்டும் என்பதற்காகத்தான். கால்வாயின் வாய் அடைபட்டு, வீட்டு வாசல் அதைவிடத் தாழ்ந்திருந்தால், தண்ணீருக்கு அந்த வாசல்தான் கால்வாய்.

மழை ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பிடித்தது. அந்த நேரத்தில் தெருவில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா முதலில் துணிகளை எடுத்து மேலே வைத்தாள். அப்புறம் வாசலில் மூட்டையாகக் கட்டிய பழந்துணியைத் திணித்தாள். தெருவிலேயே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது; மூட்டையையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அரை மணி நேரத்தில் அறுத்துக் குறைத்த கட்டிலின் மெத்தை நனைந்தது.

மாமா கனத்த உடம்புக்காரர். அக்கா அவரைத் தோளில் சாய்த்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. தலையணைகளை அடியில் கொடுத்தாள். அவையும் ஊறின. போன் தண்ணீரில் விழுந்து அணைந்திருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து, தலை சாயாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து திரும்பி வந்து அவரைத் தூக்கியபோது மூன்று மணி. சாக்கடை கலந்த குளிர்ந்த தண்ணீரில் மாமா இரண்டரை மணி நேரம் கிடந்திருந்தார்.

மறுநாள் காய்ச்சல். நான்காம் நாள் ஆஸ்பத்திரி. ஒன்பதாம் நாள் மாமா இறந்து போனார். சான்றிதழில் ‘நுரையீரல் தொற்று’ என்று எழுதியிருந்தார்கள். சாலையின் உயரத்தை எழுத அதில் இடம் கிடையாது.

ஒரு வாரம் கழித்து அக்கா தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினாள். முன்னறை காலியாக இருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. தையல் மெஷினின் மிதிப்பலகையில் துரு ஏறியிருந்தது.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். ரோட்டைச் சுரண்டிட்டுத்தான் போடணுமாமே? எலக்ட்ரீஷியன் சொன்னார். இங்க சுரண்டவே இல்லை. அது யார் முடிவு? நீ அங்கதானே இருக்க. கேட்டுச் சொல்லு.”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். விசாரிக்கிறேன் என்று சொல்லி ஒரு மாதம் தள்ளியிருக்கலாம். அக்கா அவரை நம்பியிருப்பாள். அதனாலேயே அவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

“மன்றத்துல தீர்மானம் போட்டாங்கக்கா.”

“மன்றத்துலன்னா யாரு?”

“எல்லாரும்.”

“ஒருத்தர்கூட இது என்னன்னு கேக்கலையா?”

“கேக்கலை. கேக்கற மாதிரி வாசிக்கலை. நான்தான் வாசிச்சேன்.”

அக்கா அவரையே பார்த்தாள். “உனக்குத் தெரியுமா? சுரண்டப் போறதில்லன்னு?”

“தெரியும்.”

“எங்க தெருன்னு தெரியுமா?”

“தெரியும்க்கா. வீட்டுத் தரையை அளந்து பாக்கணும்னு இன்ஜினியர் எழுதியிருந்தார். அதை நான்தான் வெட்டிட்டேன். ரெண்டு வரியில முடிக்கணுமேன்னு.”

அக்கா அழுவாள், திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அது போகவில்லை.

“உங்க சபையில அத்தனை பேரும் கை தூக்குனீங்க” என்றாள் மெதுவாக. “இங்க ஒரு மனுஷனைத் தூக்க இன்னும் ரெண்டு கை கிடைக்கலைடா எனக்கு.”

“அக்கா...”

“அவர் உன்கிட்டதானே கேட்டார்? தண்ணி எங்க போகும்னு. ரெண்டு தடவை கேட்டார். நானும்தான் சும்மா இருங்கன்னேன்.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “போடா. கொஞ்ச நாளைக்கு வராதே.”

மறுநாள் எழுத்தர் தீர்மானப் புத்தகத்தில் விடுபட்டதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அவரிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார். ‘நடைமுறைக் குறைபாடு’ என்று பதிவு செய்தார்கள். அந்தத் தெருவைச் சுரண்டும் வேலையை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டுவரை காத்திருக்க அக்காவால் முடியவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தெரு தள்ளி ஒரு மாடி அறைக்குக் குடிபோனாள். தம்பியிடம் சாவியைக்கூடக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அவர் ஒன்று செய்யத் தொடங்கினார். பொருள் பட்டியலைக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. வைத்திருந்தார்கள், இரண்டாவது மாடியில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள், சின்ன எழுத்தில். அவர் அதன் பிரதிகளை எடுத்துக்கொண்டு, அலுவலகம் முடிந்ததும் சம்பந்தப்பட்ட தெருக்களுக்கு நடந்து போனார். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

அப்படித்தான் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் வாசலில் போய் நின்றார்.

“எதுவும் வாங்கறதில்லைங்க” என்றாள் அவள், நிமிராமலே.

“விக்க வரலைம்மா. உங்க தெருவைப் பத்தி வெள்ளிக்கிழமை மன்றத்துல ஒரு முடிவு எடுக்கறாங்க. சொல்லிட்டுப் போக வந்தேன்.” காகிதத்தைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். தெருமுனையில் இருக்கும் சந்து வழியை அடைத்து, அங்கே வரப்போகும் ஒரு கிடங்குக்குச் சுவர் எழுப்ப அனுமதி கேட்டிருந்தார்கள்.

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. “அந்தச் சந்து வழியையா? புள்ளைங்க ஸ்கூலுக்கு அது வழியாத்தானே போகுதுங்க? அதை அடைச்சா பெரிய ரோட்டைக் கடக்கணுமே! இதை யாரைக் கேட்டு முடிவு பண்றாங்க?”

“யாரையும் கேக்கலை. அதான் நீங்க வந்து கேக்கணும். உள்ளே உக்காந்து பாக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. மறுப்பை எழுத்துல கொடுத்தா, அதை வாசிச்சே ஆகணும். நானே வாசிப்பேன். முழுசா.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “வீடு வீடா வந்து சொல்றதுதான் உங்க வேலையா?”

“இல்லைம்மா.”

“அப்புறம் ஏன் இப்படி அலையறீங்க?”

காகிதத்தை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

“நமக்குத் தெரியாம நம்ம வாசலைப் பத்தி முடிவு எடுக்கறது மத்தவங்க தப்பு. தெரிஞ்சவன் வாயை மூடிக்கிட்டு இருந்தா, அவனும் அதுக்குக் கை தூக்குனவன்தாம்மா.”