சிவப்புக் குடைக்குக் கீழே

ஒன்பது வருடமாக அதே எட்டேகால் மின்சார ரயிலில்தான் சாவித்ரி தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போய்வந்தாள். பல்லாவரம் தாண்டியதும் கல்குவாரிச் சரிவில் தினமும் ஒரு சிவப்புக் குடை தெரியும். அதற்குக் கீழே யார் இருக்கிறார்கள், அங்கே என்ன செய்கிறார்கள்? 1987இல் ஒரு புதன்கிழமை, ஆவலை அடக்க முடியாமல் அவள் பல்லாவரத்திலேயே இறங்கிவிட்டாள்.

முள்ளும் ஜல்லியுமாக அரைமணி நேர நடை. குடைக்கடியில் ஒரு பெண் உட்கார்ந்து சுத்தியலால் கல் உடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் முனியம்மா.

"இன்னாம்மா, வழி தப்பிட்டியா?"

"இல்லைங்க. தினம் ரயில்லேருந்து உங்க குடையைப் பாக்கறேன். யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு வந்தேன்."

முனியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நானுந்தான் அந்த ரயிலைத் தெனம் பாத்துகினு கீறேன். எங்க போவுது அது?"

"பீச்சுக்கு."

"அப்ப எறங்குனா கடல் தெரியுமா?"

ஸ்டேஷனிலிருந்து கடல் தெரியாது. இத்தனை வருடத்தில் வேலை முடிந்து ஒருநாள்கூடச் சாவித்ரி கடற்கரைப் பக்கம் போனதில்லை.

"தெரியாது. கொஞ்ச தூரம் நடக்கணும். வரீங்களா?"

"தோ, கையக் கழுவிகினு வர்றேன்," என்று சுத்தியலைக் கீழே போட்டாள் முனியம்மா.

பதினோரு மணிக்கு இருவரும் முழங்கால்வரை நனைந்து நின்றார்கள். அலை வரும்போதெல்லாம் முனியம்மா கூச்சலிட்டாள். சாவித்ரியும் சேர்ந்து கூச்சலிட்டாள். மறுநாள் லீவ் லெட்டரில் என்ன காரணம் எழுதுவது என்று யோசித்தபோது, அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது.