வளைவில் நிற்பவள்

ஐந்தாம் பந்தயத்துக்கு வந்ததும் அவள் பேனா நின்றுவிட்டது.

நாளைக்கு எட்டுப் பந்தயங்கள். மற்ற ஏழுக்கும் கணிப்பு எழுதி முடித்தாகிவிட்டது. எந்தக் குதிரை ஈரத் தரையில் இடறும், எது கூட்டத்தைக் கண்டால் கூசும், எது பாய்ந்து தொடங்கிப் பாதி வழியில் மூச்சு வாங்கும் என்று குதிரைக்கு இரண்டே வரி. அச்சகத்தின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, மையும் காகிதமும் கலந்த வாடை. சுவருக்கு அப்பால் அச்சு இயந்திரம் வேறு ஏதோ விளம்பரத்தை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பிற்பகல் மணி மூன்று. ஐந்துக்குப் பந்தயப் பக்கம் அச்சேற வேண்டும்.

பதினோரு ஆண்டுகளாக அந்தக் கணிப்புத்தாளை எழுதியவர் அவளுடைய அண்ணன். எழுதியவர் என்றால், அடியில் 'பருந்து' என்று ஒப்பமிட்டவர். விடியுமுன் பயிற்சித் தடத்துக்குப் போய், குளிரில் நின்று, நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தி, எந்தக் குதிரை எத்தனை விநாடியில் ஓடியது, எந்தக் காலைத் தாங்கி வைத்தது என்று குறித்து வந்தவள் தங்கை. பார்த்தவள் ஒருத்தி, பருந்தானவர் வேறொருவர். அதை அநீதி என்று யாரும் சொன்னதில்லை. பழகிப்போன அநீதிக்கு வழக்கம் என்று பெயர் மாற்றிக்கொள்ள உலகத்துக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது.

இப்போது அண்ணனுக்கு வானொலியில் பந்தய வர்ணனை வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் முதல் தாளை எழுதப்போவது யார்? அச்சக முதலாளி தாடையைச் சொறிந்தபடி ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார்.

"ஒரு நாள் உன் தங்கச்சியே எழுதட்டும். நாளின் முதல் குதிரைன்னு பெரிய பந்தயத்துலேருந்து ஒண்ணைக் கட்டம் கட்டிப் போடுவோம்ல, அது ஜெயிச்சா வேலை அவளுக்கு. இல்லேன்னா கொட்டாவிக்கு. அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது."

கொட்டாவி என்பவர் தடத்தில் விநாடி குறிப்பவர்களில் மூத்தவர். முப்பது ஆண்டுகள் விடியற்காலை வேலை பார்த்தும் விடியலோடு சமாதானம் ஆகாதவர். வாயைத் திறந்தபடியேதான் கடிகாரத்தை அழுத்துவார். அவருக்கும் அவர் கூட்டத்துக்கும் முடிவுக்கோட்டுக்கு நேரெதிரே கூரை போட்ட மேடை உண்டு, நாற்காலி உண்டு, சூடாகத் தேநீர் உண்டு. அவளுக்கு அங்கே இடமில்லை. இல்லை என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. முதல் நாள் அவள் படியேறியபோது, காலியாக இருந்த நாற்காலிகளில் எல்லாம் ஒரு தொப்பியோ ஒரு கோட்டோ உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அவள் வாதாடவில்லை. இறங்கி நடந்து, தடம் திரும்பும் வளைவில், வெளிப்புற வேலியோரம் போய் நின்றாள். அன்றிலிருந்து மேடையில் அவளுக்குப் பெயர் வளைவுக்காரி. சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நாளின் பெரிய பந்தயமான ஐந்தாவதில் பதினொரு குதிரைகள். ஆனால் ஊர் பேசியது ஒன்றைத்தான்: இரண்டாம் எண், கருங்குதிரை. முந்தாநாள் காலை ஆறு ஃபர்லாங்கை, அதாவது ஆயிரத்து இருநூறு மீட்டரை, எழுபத்தாறு விநாடியில் ஓடியிருந்தது. ஏழாம் எண்ணான செம்பழுப்புப் பெண்குதிரைக்கு எழுபத்தேழு ஆயிற்று. ஒரு விநாடி என்பது பந்தயத்தில் ஐந்தாறு குதிரை நீளம். மேடை முழுவதும் இரண்டாம் எண்ணுக்குக் கைகாட்டிவிட்டது. அவள் கடிகாரமும் அதே கணக்கைத்தான் சொன்னது.

ஆனால் அவள் குறிப்பேடு வேறொன்றைச் சொன்னது. ஏழாம் எண்ணைக் குறித்திருந்த பக்கத்தில் காய்ந்த சேறு. மிளகளவில் நான்கைந்து பொட்டு. அடுத்த பக்கம் கருங்குதிரை. அந்தப் பக்கம் கழுவி வைத்த தட்டுபோல் சுத்தம்.

ஒரே தடம், ஒரே ஈரம், அரைமணி இடைவெளி. ஒரு குதிரை அவள்மேல் சேற்றை வாரி இறைத்திருக்கிறது. மற்றது ஒரு துளியும் தெறிக்கவில்லை. அப்படியானால் பெண்குதிரை வேலியை ஒட்டி, அகலமான வட்டத்தில் ஓடியிருக்க வேண்டும். கருங்குதிரை உட்புறக் கம்பியோடு ஒட்டி, குறுகிய வட்டத்தில் போயிருக்க வேண்டும். அன்று அவள் கண் கடிகாரத்திலும் குதிரைக் கால்களிலும் இருந்ததே தவிர, தரையில் இல்லை. ஏன்?

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

தடத்தைப் பராமரிக்கும் மைதானக்காரர் கொட்டகையில் தரையைச் சமப்படுத்தும் வாரியின் பற்களை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முந்தாநாள் காலையில வளைவுல மஞ்சள் கோன் வெச்சிருந்தீங்களா?"

"வெச்சேனே. ராத்திரி மழைல்ல? உள்பக்கம் தரை கெட்டுப்போகும்னு கம்பிலேருந்து ஆறு மீட்டர் தள்ளி வரிசையா வெச்சேன். குதிரைங்க கோனுக்கு வெளியாலதான் ஓடணும்."

"எத்தனை மணி வரைக்கும்?"

"ஆறரை. தரை கொஞ்சம் இறுகிடுச்சு, எடுத்துட்டேன்." அவர் தலையைச் சொறிந்தார். "ஏன்மா, ஏதாவது தப்பாயிடுச்சா?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே. மேடையில யாராவது இதைக் கேட்டாங்களா?"

"மேடையா? அவங்களுக்கு டீ ஆறிடுச்சான்னுதான் கவலை. இத்தனை வருஷத்துல கோன் எங்கேன்னு கேட்ட முதல் ஆளு நீதான்."

பெண்குதிரை ஓடியது ஆறேகாலுக்கு. கருங்குதிரை ஓடியது ஆறே முக்காலுக்கு. அரைவட்டத்தில் ஆறு மீட்டர் தள்ளி ஓடினால், ஏறத்தாழ பத்தொன்பது மீட்டர் கூடுதல் தூரம். குதிரைப் பாய்ச்சலில் ஒரு விநாடிக்குச் சற்று மேல். மேடையிலிருந்து பார்த்தால் வளைவு ஒரு கோடாகத்தான் தெரியும், அகலம் தெரியாது. கடிகாரங்கள் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு தூரத்தை ஒரே தூரம் என்று நம்பி அளந்துவிட்டார்கள், அத்தனை பேரும்.

திரும்பி வந்தபோது அண்ணன் பின்னறையில் காத்திருந்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார். மறுக்கவில்லை, பெருமூச்சு விட்டார்.

"கணக்கு சரிதான்மா. ஆனா நாளைக்கு உன் வேலையில்ல ஓடுது? இரண்டைக் கட்டம் கட்டிப் போட்டுடு. ஊரே அதைத்தான் சொல்லுது. தோத்தா ஊரோட தோப்போம், உன்னை ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

"ஜெயிச்சா?"

"ஊரோட ஜெயிப்போம்."

"அப்ப நான் எதுக்குண்ணே? ஊரே எழுதிக்கட்டுமே."

அண்ணன் சிரித்துவிட்டார். "இந்த வாய் இருக்கிறவளை விட்டுட்டு என்னைப் போய் ரேடியோவுல பேசக் கூப்பிட்டிருக்காங்க பாரு."

அவள் எழுதினாள். 'நாளின் முதல் குதிரை: ஏழாம் எண். முந்தாநாள் காலை இது வளைவில் வைத்த மஞ்சள் கூம்புகளுக்கு வெளியே ஓடியது. இரண்டாம் எண், கூம்புகள் எடுக்கப்பட்ட பின் ஓடியது. இரண்டின் விநாடிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது பிழை. ஏழாம் எண்ணை அஞ்சவைக்கக் கூடியது ஒன்றே: நான்காம் எண், கிழட்டுச் சாம்பல் குதிரை. கடைசி நூறு மீட்டரில் அதன்மேல் கண் வையுங்கள்.' எழுதியதை ஒருமுறை படித்தாள். அடிக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. நாலே முக்காலுக்கு அச்சுக் கோப்பவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் ஐந்தாம் பந்தயத்தின்போது அண்ணனும் தங்கையும் முடிவுக்கோட்டருகே வேலியோரம் நின்றார்கள். வளைவு வரை கருங்குதிரை முன்னால். வளைவில் எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே தூரம். அன்று கூம்புகள் இல்லை. திரும்பி நேர்த்தடத்தில் விழுந்தபோது கருங்குதிரையின் வேகம் வற்றியிருந்தது. செம்பழுப்பு அதைக் கடந்தது, தனியாக வந்தது. அண்ணன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் அதைப் பார்க்கவில்லை. வெளிப்புறமாக, அவசரமே இல்லாததுபோல் வந்துகொண்டிருந்த சாம்பல் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருது," என்றாள் மெல்ல.

சாம்பல் வந்தது. கோட்டில் இரண்டு தலைகளும் ஒன்றாகவே தெரிந்தன. கோட்டில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அறிவித்தார்கள்: நான்கு முதல், ஏழு இரண்டாவது. இடையே ஒரு மூக்கு. கருங்குதிரை ஆறாவது.

அச்சகத்துக்குப் போகும் வழியெல்லாம் அண்ணன் பேசிக்கொண்டே வந்தார். முதலாளி மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிக்கலையேம்மா."

"மூக்கு வித்தியாசம் முதலாளி!" என்றார் அண்ணன்.

"மூக்கோ முழங்காலோ, இரண்டாவது இரண்டாவதுதான். நான் சொன்ன சொல்லு சொல்லுதான்."

"நீங்க சொன்னது சரிதாங்க," என்றாள் அவள். "கட்டம் கட்டினது ஜெயிக்கலை. ஆனா நான் எழுதினதுல எந்த வரி தப்புன்னு காட்டுங்க. காட்டினீங்கன்னா எந்திரிச்சுப் போயிடறேன்."

முதலாளி தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். விரல் ஒவ்வொரு வரியாக ஊர்ந்து, 'கிழட்டுச் சாம்பல்' என்ற இடத்தில் நின்றது. அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு கொட்டாவி உள்ளே வந்தார். கையில் அதே தாள், நான்காக மடிக்கப்பட்டு.

"தங்கச்சி, இந்தக் கோன் விஷயம் நிஜந்தானா?"

"மைதானக்காரரைக் கேட்டுக்குங்கண்ணே."

"கேட்டுட்டுத்தான் வரேன். சும்மா உன் வாயாலயும் ஒரு தடவை கேட்டுக்கலாம்னு." அவர் முதலாளியிடம் திரும்பினார். அன்று அவர் முகத்தில் தூக்கமே இல்லை. "முப்பது வருஷமா வாட்சைப் பார்த்தேன் முதலாளி, தடத்தைப் பார்க்கலை. எனக்கு இந்த வேலை வேண்டாம். இதுக்கு வளைவுல போய் நிக்கணும். என் முட்டி மேடைப் படி நாலு ஏறுறதுக்கே லீவு கேக்குது."

முதலாளி தாளிலிருந்து விரலை எடுத்தார். "நீயும் வேண்டாம்னா வேற யாருய்யா இருக்கா?"

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"சரிம்மா, நீயே எழுது," என்றார் முதலாளி. "கீழ பருந்துன்னு போட்டுக்க."

"பருந்து வேண்டாங்க."

"அட, அந்தப் பேரைக் கேட்டுத்தானே வாங்குறாங்க!"

"பருந்து ரேடியோவுக்குப் பறந்துடுச்சு முதலாளி," என்றார் அண்ணன். "பார்த்தவ பேரைப் போடுங்க. பதினோரு வருஷம் நான் போட்டுக்கிட்டது போதும்."

"என்ன பேரும்மா?"

"வளைவுக்காரி," என்றாள்.

கொட்டாவி தரையைப் பார்த்தார். முதலாளி எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை விடியற்காலை பனி முழுதாக விலகியிருக்கவில்லை. நிறுத்துக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் வளைவை நெருங்கியபோது, வேலியோரம் நான்கு உருவங்கள் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றன. மேடைக்காரர்கள். அவள் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே ஒரு மடக்கு நாற்காலி, அதில் கொட்டாவி. அவளைக் கண்டதும் எழ முயன்றார், முட்டி சம்மதிக்கவில்லை.

"உக்காருங்கண்ணே," என்றாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. எனக்குக் கோன் தெரியணும்."

நாற்காலியோடு அவரைத் தூக்கி நகர்த்தினார்கள். முதல் குதிரை வளைவில் திரும்பியது. அவள் குறிப்பேட்டைப் பிரித்து, கூம்புகள் நின்ற இடத்தை முதலில் எழுதினாள்.