பின்கதவு மணி

கால் வைத்த இடம் நனைந்திருந்தது. நடைவழியில், குளியலறைக்கு நாலடி இந்தப்பக்கம். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அவள் அப்படியே நின்றாள். ஈரத்தில் வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை. வாயில் வந்தது நாய்க்குட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் வசவுதான். "கண்டக்டரே, காலங்காத்தாலயே உன் வேலையைக் காட்டி..." சொல்லி முடிக்குமுன் சமையலறைப் பக்கமிருந்து கிறீச்சென்று ஒரு கொட்டாவி கேட்டது. நாய்க்குட்டி அங்கே இருந்தது. சமையலறை வாசலில் குறுக்கே சாத்தி வைத்த இஸ்திரிப் பலகைக்கு அந்தப்பக்கம், கிழிந்த போர்வைமேல் உட்கார்ந்து, வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. பலகை இம்மியும் நகரவில்லை. அதைத் தாண்டிக் குதிக்க அந்தக் குட்டி இன்னும் ஒரு பருவம் வளர வேண்டும்.

வீட்டில் இருப்பது மூன்று உயிர். ஒன்று பலகைக்குப் பின்னால். ஒன்று இதோ, நனைந்த காலோடு நிற்கிறது.

அதே நேரம் படுக்கையறைக் கட்டில் முனகியது. அவள் கணவர் எழுந்துவிட்டார். அப்போது அவள் செய்ததை யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கைதான் செய்தது. பலகையை விலக்கி, குட்டியை வாரியெடுத்து, ஈரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அது விளையாட்டென்று நினைத்து ஒரு சுற்றுச் சுற்றியது. ஈரத்தை முகர்ந்தது. பிறகு தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"யாரு அங்க?"

"நான்தாங்க. குட்டி மறுபடியும் பண்ணிட்டான்."

அவர் கதவைப் பிடித்தபடி வந்து நின்றார். ஊருக்கே அவர் டிரைவர்தான். பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமான பிறகும், கடைக்காரர் முதல் பால்காரர் வரை 'என்ன டிரைவரே' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெரிய உடம்பு தரையைப் பார்த்தது, குட்டியைப் பார்த்தது. முகத்தில் ஏதோ ஒன்று இறுகியிருந்து தளர்ந்தது. தளர்ந்த அடுத்த நிமிஷம் கோபம் வந்துவிட்டது.

"கழுதைப் பய! நீ குடுக்கிற செல்லம்தான்டி. ரெண்டு போட்டாத்தான் உறைக்கும்." மேசைமேலிருந்த பழைய செய்தித்தாளைச் சுருட்டினார். தரையில் ஒரு தட்டு, குட்டியின் முதுகில் ஒரு தட்டு. பலமான அடியில்லை. குட்டி கத்தவுமில்லை. காதை மட்டும் தலையோடு ஒட்டவைத்துக்கொண்டது. அவள் வாளியை எடுக்கப் போனவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நேற்றுப் படுக்கும்போது அவர் போட்டிருந்தது சாம்பல்நிறக் கால்சட்டை. இப்போது போட்டிருப்பது நீலம். சாம்பல்நிறத்தைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், சுவரோடு செருகி வைத்த நிலையில், மதியம் கண்டெடுத்தாள். அப்படியானால் அவருக்குத் தெரியும். இல்லை, ஒளித்து வைத்ததையும் சேர்த்து மறந்துவிட்டாரா? இரண்டில் எது மோசம் என்று அவளுக்கு விளங்கவில்லை. அலசிப் பிழிந்து, மற்ற துணிகளுக்கு நடுவே உலர்த்தினாள்.

நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டவள் மகள். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. மழை தொடங்குவதற்கு முன் ஒருநாள், கடைக்குப் போன டிரைவர் வீடு திரும்பவில்லை. ஆயுள் முழுக்க அவர் ஓட்டிய தடத்திலேயே, எந்த நிறுத்தத்தில் எந்த மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய தடத்திலேயே, ஒரு நிறுத்தத்தில் இறங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு பொழுதுசாயும்வரை உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்த ஒரு கண்டக்டர்தான் கூட்டிவந்து விட்டார். மகள் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில், நர்ஸாக. விஷயம் கேட்டு ஓடிவந்தவள் அப்பா முன்னால் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னாள்.

"அம்மா, இன்னொரு தடவை எதாவது ஒண்ணு நடந்துச்சுன்னா, அப்பாவை நான் எங்க இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீ ஒண்டியா சமாளிக்க முடியாது. அதுவரைக்கும் துணைக்கு இந்தக் குட்டி இருக்கட்டும்."

அந்த இடத்தை அவள் பார்த்திருக்கிறாள். குறை சொல்ல முடியாது, அத்தனை சுத்தம். சுவரோரம் கைப்பிடி, சன்னலைப் பார்த்து வரிசையாக நாற்காலிகள். ஆனால் கடைசிக் கதவு ஒன்று உண்டு. எண்களை அழுத்தினால்தான் திறக்கும். எண் தெரிந்தவர்கள் வேலைக்காரர்கள் மட்டும். அன்று அந்தக் கதவுக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர் நின்றுகொண்டு, "கடைசி பஸ் போயிடுச்சாம்மா?" என்று அவளைக் கேட்டார். அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

குட்டியைப் பழக்கும் வழியை மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். பின்கதவுக் கைப்பிடியில் ஒரு மணியைக் குட்டியின் மூக்கெட்டும் உயரத்தில் தொங்கவிட வேண்டும். வெளியே கூட்டிப்போகும் ஒவ்வொரு தடவையும் முதலில் மணியை அதன் மூக்கால் தொடவைத்து, பிறகு கதவைத் திறக்க வேண்டும். வேலியோர மூலையில் காரியம் முடிந்தால் உடனே பாராட்டு, ஒரு துண்டு பிஸ்கட். வீட்டுக்குள் சிறுநீர் போய்விட்டால் திட்டவோ அடிக்கவோ கூடாது, பேசாமல் துடைத்துவிட வேண்டும். அவள் தையல்காரி. பள்ளிக்கூட நாடகத்துக்கு உடுப்புத் தைத்தபோது மிஞ்சிய பித்தளை மணி ஒன்று ஊசிப்பெட்டியில் கிடந்தது. சிவப்பு நாடாவில் கோத்துக் கட்டினாள். குட்டி முதல் தடவை தானாக அதை இடித்தபோது டிரைவர் கைதட்டிச் சிரித்தார்.

"அடடே, வண்டிக்குக் கண்டக்டர் வந்தாச்சுடி! இந்தா பாரு தம்பி, ஒரு மணி அடிச்சா நிறுத்தணும். ரெண்டு மணி அடிச்சா போகணும். மாத்தி அடிச்சே, மெமோ குடுத்துடுவேன்."

பெயர் அன்று வைத்ததுதான்.

கால்சட்டையைக் கண்டெடுத்த நாளிலிருந்து அவள் ஒரு வேலை செய்தாள். பின்கதவை ஒட்டித்தான் பழைய கழிப்பறை இருந்தது. சாப்பிட்டு முடித்ததும், தூங்கி எழுந்ததும், தேநீர் குடித்துச் சற்று நேரத்திலும் குரல் கொடுப்பாள். "என்னங்க, கண்டக்டர் நிக்கிறாரு, கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க. அப்படியே நீங்களும் ஒரு எட்டு உள்ள போய்ட்டு வந்துடுங்க." அவர் முணுமுணுத்துக்கொண்டே போவார். "நாய்க்கு டைம் கீப்பர் வேலை பாக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு." தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தபடி அவள் காது வைத்துக் கேட்பாள். மணி. கதவு. குட்டியின் நகம். பிறகு கழிப்பறைத் தாழ். பிறகு தண்ணீர். தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் ஊசி துணியில் இறங்கும். ஒருநாள் அவர் உள்ளே திரும்பி வரும்போது, கவனமில்லாமல் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சமத்து!"

அவர் நின்றார். "யாரைச் சொல்ற?"

"கண்டக்டரைத்தான்."

"அது இன்னும் கதவுக்கு வெளியதானே நிக்குது" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பகலெல்லாம் காப்பாற்றிய மணி, ராத்திரி தூங்கிப்போகும். சில காலைகளில் நடைவழி நனைந்திருக்கும். அவர் முந்தி எழுந்தால், குட்டியை அவரே பலகைக்குப் பின்னாலிருந்து தூக்கிவந்து தட்டுவார். பலகை சாத்தியிருந்ததே என்று அவரும் கேட்கமாட்டார், அவளும் கேட்கமாட்டாள். குட்டிக்கு இப்போது செய்தித்தாள் சலசலத்தாலே போதும், தையல் இயந்திரத்துக்கு அடியில் போய் ஒடுங்கி, பயத்தில் அங்கேயே சொட்டிவிடும். பழகியதெல்லாம் பழைய நிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பொய் மெல்ல மெல்ல உண்மையாகிறது என்று நினைத்தபோது அவளுக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அருவருப்பும் வந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் வந்து இறங்கினாள். "லீவு கிடைச்சுதும்மா, ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறேன்." அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கு லேசாகச் சுருங்கியதை அம்மா பார்த்துவிட்டாள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நேரம் சிரிப்பது? இரவு குட்டியை மகள் தூக்கிக்கொண்டபோது, "அது சமையல்கட்டுலயே படுக்கட்டும்டி" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. ஏன் இப்படி நடுங்குது இது? என்கூடப் படுக்கட்டும்."

என்ன காரணம் சொல்லி மறுப்பது? மகளின் அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

காலையில் அவளை எழுப்பியது டிரைவரின் குரல்தான். "எங்கடா போன, கழுதைப் பய? என்னதான் சொன்னாலும் உனக்கு உறைக்காதா?" அவள் ஓடிவந்தாள். நடைவழியில் ஈரம், ஈரத்துக்கு இந்தப்பக்கம் அவர், கையில் சுருட்டிய காகிதம். பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார், இயந்திரத்துக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். மகளின் அறைக்கதவு திறந்தது. அவள் தோளில் குட்டி. காகிதத்தைப் பார்த்ததும் அது முகத்தை அவள் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டது. மகள் தரையைப் பார்த்தாள். அப்பாவின் கால்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவை.

குழாயில் சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது.

"பாப்பா" என்றார் டிரைவர், கணக்குப் போடுகிறவரைப்போல. "ராத்திரி உன் கதவு சாத்தியா இருந்துச்சு?"



"இல்லப்பா" என்றாள் மகள். "நான் சரியா சாத்தல. நடுவுல இது வெளிய போய்ட்டு வந்துச்சு."

"அப்படியா." அவர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை ஏன் எடுத்தோம் என்று யோசிப்பவரைப்போல. "அப்ப இவன்தான்" என்று சொன்னார். யாரையும் அடிக்காமல், காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மகள்தான் துடைத்தாள். முதலில் பழைய துண்டைப் போட்டு, காலால் அழுத்தி, உறிஞ்சவிட்டு, பிறகு நுரை வைத்து. தினமும் செய்கிற கை. சமையலறைக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"எவ்வளவு நாளாம்மா?"

"குட்டி சின்னதுடி. போகப் போகச் சரியாகிடும்னு நீதானே..."

"அம்மா."

அவள் டம்ளர்களைக் கழுவ எடுத்தாள்.

"நாயை அடிக்கிறாரா?"

"சும்மா தட்டுவாரு. பேப்பராலதான்."

"நீ பாத்துட்டு நிக்கிற."

கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள் அம்மா. சற்று நேரம் கழித்து, வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோல, "உங்க இடத்துல அந்தக் கடைசிக் கதவு இருக்குல்ல? உள்ள இருக்கிறவங்க மணி அடிச்சா திறப்பீங்களா?" என்றாள்.

"ஆள் இருந்தா திறப்போம்" என்றாள் மகள்.

பிறகு ஈரக்கையோடு அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "குட்டியை நான் எடுத்துட்டுப் போறேம்மா. வாயில்லாத ஜீவன், இப்படியே விட்டா அது கெட்டே போயிடும். ஆனா அது போயிடுச்சுன்னா, அடுத்த தடவை யாரைச் சொல்லுவ?" கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "சாயங்காலம் கிளம்பறேன். இந்த வீட்லேருந்து ஒருத்தரைக் கூட்டிட்டுத்தான் போவேன். யாருன்னு நீ சொல்லு."

அன்று முழுக்க அவள் தைத்ததெல்லாம் கோணல். பிரித்துத் தைத்தாள், மறுபடி கோணல். நாயைக் கொடுத்தால் அடுத்த காலையே வெட்டவெளிச்சம். அவரைக் கொடுத்தால் அந்தக் கதவு. ரெண்டும் வேண்டாம் என்று சொன்னால், அந்த முதுகில் விழும் ஒவ்வொரு தட்டுக்கும் இனி அவள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து அவள் அவருக்குக் குரல் கொடுக்கவில்லை. மகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி 'கண்டக்டர் நிக்கிறாரு' என்று கூப்பிடுவது?

வெயில் இறங்கியது. வாசல் பக்கம் மகள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். குட்டி, தையல் இயந்திரத்தின் மிதிகட்டைமேல் இருந்த அம்மாவின் பாதத்தில் தாடையை வைத்துத் தூங்கியது. அதன் சூடு கணுக்காலில் ஏறிக்கொண்டிருந்தது.

பின்கதவு மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

"அம்மா, குட்டி கூப்பிடுது பாரு" என்றாள் மகள், வாசலிலிருந்து.

அவள் அசையவில்லை. அவள் பாதத்தின்மேல் குட்டி ஒரு காதைத் தூக்கியது.

அங்கிருந்தே நடைவழி நேராகத் தெரிந்தது. மணி குட்டியின் உயரத்தில் கட்டியது. அதை எட்டுவதற்காக அந்தப் பெரிய உடம்பு பாதியாக மடிந்திருந்தது. ஒரு கை சுவரில். ஒரு கை சிவப்பு நாடாவைப் பிடித்திருந்தது. கதவு தாழிடாமல்தான் இருந்தது, கழிப்பறை பக்கத்திலேயேதான் இருந்தது. ஆனாலும் அவர் குனிந்தபடியே காத்துக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்காமல், இன்னொரு மணிக்காகக் காத்திருக்கும் டிரைவரைப்போல.

அவள் பாதத்தை மெல்ல உருவப் பார்த்தாள். குட்டி அவளை முந்திக்கொண்டது. நகம் தரையில் தட்ட நடைவழியில் பாதிதூரம் ஓடி, சட்டென்று நின்றது. வாலைத் தாழ்த்தி, காதைத் தலையோடு ஒட்டி, அவர் கைகளையே பார்த்தது. கையில் காகிதம் இல்லை. அவர் விரல்களைப் பிரித்து நாடாவை விட்டார்.

பின்னால் மகளின் காலடி வந்து நின்றது.

"யாரும்மா அடிச்சது?"

மணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, சத்தம் வராத அளவுக்கு. குட்டி கழுத்தை நீட்டி, ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தது.