இடது கீழறை

வகுப்பில் வெட்டிக் காட்ட ஆட்டு இதயம் வேண்டும் என்று கறிக்கடைக்கார அம்மாவிடம் கேட்டிருந்தேன். "பிள்ளைங்க படிக்கவா? ரத்தக்குழாயெல்லாம் நறுக்காம நீளமா விட்டுத் தர்றேன், டீச்சர்," என்றார். அவருடைய மகள் என் எட்டாம் வகுப்பில்தான் படித்தாள். மறுநாள் காலை அவள்தான் பையைத் தூக்கி வந்தாள்.

நான் கணக்கு டீச்சர். அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதால் அந்தப் பாடம் என் தலையில் விழுந்திருந்தது. படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ததோடு சரி.

மேசையைச் சுற்றி முப்பது பேர். தட்டில் கிடந்த இதயத்தின் மேல் கத்தி முனையை வைத்தேன். "இதுதான் இடது கீழறை. உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுது. அதனால சுவர் தடிமனா இருக்கும்."

"டீச்சர், அது வலது பக்கம்," என்றாள் கறிக்கடை அம்மாவின் மகள். "குப்புற வச்சிருக்கீங்க. அமுக்கிப் பாருங்க, மெத்துன்னு இருக்கும். இடது பக்கம்தான் கெட்டி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "இது அறிவியல் வகுப்பு. கறி வெட்டுற விவரமெல்லாம் உங்க கடையோட வச்சுக்கோ."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வெட்டினேன். சுவர் வாழைப்பழத் தோல் கனம்தான் இருந்தது. தப்பு புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. "சரி, வரைஞ்சுக்கோங்க," என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாலையில் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். அவள் தன் படத்தில் 'வலது' என்று எழுதி, ரப்பரால் அழித்து, அதன்மேல் 'இடது' என்று எழுதியிருந்தாள். அழித்த எழுத்து மங்கலாகத் தெரிந்தது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "நேத்து நான் காட்டினது வலது கீழறை. அவ சொன்னதுதான் சரி. எல்லாரும் மாத்திக்கோங்க." நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. நிம்மதியாகப் புத்தகத்தைப் பிரித்தேன்.

அவளுடைய தோழி எழுந்தாள். "அவங்க கடையைப் பத்திச் சொன்னது, டீச்சர்?"

கூனிக்குறுகிப் போனேன். "அது அதைவிடப் பெரிய தப்பு," என்று சொல்லிவிட்டுக் கறிக்கடை அம்மாவின் மகளிடம் போனேன். "உங்க அம்மா எனக்கு உதவிதான் செஞ்சாங்க. மன்னிச்சிடும்மா."

"பரவாயில்ல டீச்சர்." நோட்டிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் கடைக்கும் போனேன். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாடம் நல்லா நடந்துச்சுன்னுதான் எங்கிட்டச் சொன்னா," என்றார். பிறகு, "இனிமே அவ வகுப்புல வாயத் திறப்பாளா, டீச்சர்?"

அந்த வருடம் முடியும்வரை நான் கேட்டதற்கு மட்டும் அவள் பதில் சொன்னாள். கேட்காத எதையும் சொல்லவில்லை.