பெரட்டுக்களத்தில் வைத்த பரீட்சை

விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் பேர் கொடுத்து ஆளுக்கொரு மலைக்குப் பிரியப்போகும் நேரத்தில் துரை மேலிடத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை வாசித்தார். கொடகவெலப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அதன் மருந்துச்சாலையில் பன்னிரண்டு வருஷமாகப் புண் கட்டி, பிரஷர் பார்த்து வரும் ஜொய்சிக்குப் பரீட்சை இல்லாமலே மருத்துவ உதவியாளர் சான்றிதழ் தரப்போகிறார்களாம். ஒரே நிபந்தனை, தோட்டத்து ஜனம் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும். பாதிப்பேராவது தூக்காவிட்டால் வெளியிலிருந்து வேறு ஆள் வருவார்.

ஜொய்சி இரண்டு தடவை அந்தப் பரீட்சைக்குப் போய், கேள்வித்தாளைக் கண்டதும் கை நடுங்கி, படித்ததெல்லாம் மறந்து திரும்பியவள். இனி அந்த மண்டபத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

"ஒடம்ப குடுக்கப் போறது நாங்க. அப்ப பரீட்சையையும் நாங்களே வைக்கிறோம்," என்றார் காத்தமுத்து கங்காணி. விளையாட்டுக்குத்தான் சொன்னார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்த துரையும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்.

"என் சீனி வருத்தத்துக்குக் குளிசை எத்தன நேரம் முழுங்கணும்?" காத்தமுத்துவே தொடங்கினார்.

"ரெண்டு நேரங்க. நீங்க போடறது ஒரு நேரம்."

களமே சிரித்தது. அட்டைக் கடியில் சீழ் வைத்தால், பால்வெட்டுக் கத்தி கையில் பட்டால், பிள்ளைக்கு வலிப்பு வந்தால் என்று நாலாபக்கமும் கேள்விகள் வந்தன. பேனா பிடித்தால் நடுங்கும் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு ஜொய்சி பட்பட்டென்று பதில் சொன்னாள். பாதிக் கைகள் அப்போதே எழும்பத் தயாராகிவிட்டன.

கடைசி வரிசையிலிருந்து தெரேசம்மா கேட்டாள். "ஒரு ஆளு விடியக்கால எழும்புறாரு. வயித்துவலி. காய்ச்சல் இல்ல, காயம் இல்ல. கண்ணு எமை மட்டும் தொறக்க மாட்டேங்குது. என்னா வருத்தம்?"

ஜொய்சிக்குப் பிடிபடவில்லை. ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தப்பிக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியல அக்கா," என்றாள்.

காத்தமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆனா கண்ணு தொறக்காதது பயமா இருக்கு. நான் மருந்து குடுக்க மாட்டேன். 1990 நம்பருக்கு கோல் எடுத்து, ஆம்புலன்ஸுல நானும் கூட ஏறுவேன்."

தெரேசம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"அது எங்க வீட்டுக்காரரு. நீ இங்க வர முன்ன நடந்தது. அப்ப இருந்த டொக்டரய்யா பரீட்ச எழுதிப் பாஸானவரு. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லல. வயித்துல கேஸுன்னு ரெண்டு குளிசை குடுத்துப் படுக்கச் சொன்னாரு. தூக்கத்துல கட்டுவிரியன் கடிச்சிருக்குன்னு உசுரு போன பிறகுதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

சொல்லிவிட்டு வலது கையை உயரத் தூக்கினாள். அவளுக்கு முன்னாலும் பக்கத்திலும் கைகள் எழும்பின. எண்ணத் தொடங்கிய துரை பாதியில் விட்டுவிட்டார். ஜொய்சி அழுகையும் சிரிப்புமாக நின்றாள்.

புருஷன் போன பதினைந்து வருஷத்தில் மருந்துச்சாலை வாசலை மிதிக்காத தெரேசம்மா, வாளியை எடுத்துக்கொண்டு அவளருகே வந்தாள். "பால வெட்டி, நிறுத்துக் குடுத்துட்டு வாறேன், தொறந்து வையி," என்றாள். "ஒரு மாசமா எனக்குத் தல சுத்துது."